ஒரே குழாய், இரண்டு தெரு

“நீ படிச்ச பொண்ணுதான், இல்லன்னு சொல்லல. ஆனா கூட்டத்துக்குப் போய் கையத் தூக்கி இன்னா ஆவப்போவுது? நம்ம தெருக்காரனே வரமாட்டான். பள்ளத் தெருக்காரங்களா வரப்போறாங்க?”

எங்கள் எதிர்வீட்டு மாமா இப்படிச் சொன்னது போன வருடம், மே தினத்துக்குக் கொஞ்ச நாள் முன்பு. ஷூ கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வேனை ஓட்டுகிறவர் அவர். மே தின கிராம சபையில் எங்கள் தெருவின் தண்ணீர் பிரச்சினையைப் பேசலாம் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான். பட்டமும் வாங்கிவிட்டேன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. அதனால் மாமா சொன்னது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

எங்களுடையது ஆம்பூரை ஒட்டிய ஒரு ஊராட்சி. இங்கே போர்வெல் தண்ணீரில் பாத்திரம் கழுவலாம், வாயில் வைக்க முடியாது. குடிக்கவும் சமைக்கவும் ஒருநாள் விட்டு ஒருநாள் டேங்கிலிருந்து வரும் தண்ணீர்தான். மேட்டுத் தெருவில் நாங்கள் இருக்கிறோம். பள்ளத் தெருவில் உருது பேசும் முஸ்லிம் குடும்பங்கள். இரண்டு தெருவுக்கும் ஒரே குழாய், ஒரே வால்வு.

அந்தத் தண்ணீர் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் வரும். எங்கள் தெருப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் கம்பெனி வேலை. ஏழரைக்கெல்லாம் வேன் ஏறிவிடுவார்கள். பூட்டிய வீட்டு வாசலில் குழாய் மூடியே கிடக்கும். அம்மா சாயங்காலம் வேலை முடிந்து வந்து, யார் வீட்டிலாவது மிச்சம் இருக்கிறதா என்று குடத்தோடு கிளம்புவார். நாள் முழுக்க நின்று வேலை செய்த கால்கள் அவை. பார்க்க எனக்குப் பொறுக்காது. பள்ளத்துக்காரர்கள் தண்ணீர் திறந்துவிடுபவரைக் கைக்குள் போட்டுக்கொண்டு தங்களுக்கு வசதியான நேரத்தை வாங்கிவிட்டார்கள் என்பது எங்கள் தெருவில் எல்லோருடைய நம்பிக்கை. எனக்கும் அதில் பெரிய சந்தேகம் இருந்ததில்லை.

விடிகாலை ஐந்தரைக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று ஊராட்சித் தலைவரிடம் போய்க் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, “ஒரு வால்வும்மா. உங்க தெரு மட்டும் கேட்டு நான் மாத்தினா, நாளைக்கே அந்தத் தெரு என் வீட்டு வாசல்ல நிக்கும். ரெண்டு தெருவும் சபைல கையத் தூக்கட்டும், தீர்மானம் போட்டு மாத்திடலாம்” என்றார்.

ஆக, பள்ளத் தெருவுக்குப் போயே ஆக வேண்டும். என்னோடு கல்லூரியில் படித்த தோழி ஒருத்தி அங்கே இருந்தாள். மூன்று வருடம் ஒரே பஸ்ஸில் போய்வந்திருக்கிறோம். ஆனால் அவள் வீட்டுக்குள் நான் போனது அன்றுதான் முதல் தடவை.

அவளுடைய அம்மாவை எல்லோரையும் போல நானும் காலா என்றுதான் கூப்பிட்டேன்; உருதுவில் சித்தி என்று அர்த்தம். காலா தரையில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோலைக் கையால் தைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் அதை ‘அப்பர்’ என்போம். கம்பெனி ஏஜென்ட் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார், மறுநாள் காலை தைத்ததை வாங்கிப்போவார். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை அவர் ஊசியை நிறுத்தவே இல்லை. கடைசியில், “கூட்டத்துக்கு வர்றேன். ஆனா கையத் தூக்கறேன்னு நான் சொல்லல, பேட்டி” என்றார், மகளே என்று கூப்பிடுகிற உருதுச் சொல்லால். தோழி சங்கடமாகச் சிரித்தாள். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

மே தினத்தன்று பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல். இரண்டு தெருவும் வந்துவிட்டது. ஆனால் நடுவில் ஒரு வண்டி போகிற அளவுக்கு இடம் விட்டு, நாற்காலிகளை இரண்டு பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். தண்ணீர் விஷயம் வந்ததும் பேச்சு சூடானது.

“அவங்க வாசல் கழுவி ஊத்துற தண்ணில நாங்க ரெண்டு நாள் சமைப்போம்” என்றார் எங்கள் மாமா.

“ஊத்தறத நீ வந்து பாத்தியா பாய்? உன் வேன கழுவறது மட்டும் இன்னா தண்ணி?” என்று அந்தப் பக்கம் ஒரு பெரியவர் கேட்டார். மாமாவைப் போய் பாய் என்றதில் இரண்டு பக்கமும் சிரிப்பு. மாமாவும் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் காலா எழுந்தார். மைக் வேண்டாம் என்றுவிட்டார். விடிகாலைத் தண்ணீர் ஏன் தங்களுக்கு ஆகாது என்று சொன்னார். எட்டரைக்கு ஏஜென்ட் வந்துவிடுவார். அதற்குள் தைத்து முடிக்க விடியலில்தான் உட்கார வேண்டும். “குடம் தூக்கின ஈரக் கையோட தெச்சா, மெழுகு நூலு விரல அறுத்துடும். தோல்ல ரத்தம் பட்டா அந்த ஜோடி திரும்பி வந்துடும். கூலி கிடையாது. உங்களுக்குத் தண்ணி வாணாம்னு நாங்க சொல்லல. எங்க பொழப்பையும் பாக்கணும்ல?”

வாதங்களைத் தயார் செய்துகொண்டுதான் போயிருந்தேன். அவற்றை எழுதியிருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

அப்போதுதான் என் அம்மா எழுந்து நின்றார். பொது இடத்தில் அம்மா பேசி நான் பார்த்ததே இல்லை. கம்பெனியில் அம்மாவுக்கு செக்கிங் டேபிளில் வேலை. வெளியே தைத்து வரும் அப்பர்களைத் திருப்பிப் பார்த்து, கறை இருந்தால் தனியாக ஒதுக்க வேண்டும்.

“அந்த ஜோடிங்க என் டேபிளுக்குத்தான் வருது. நான்தான் கறை பாத்துத் தூக்கிப் போடறேன்” என்றார் அம்மா, காலாவைப் பார்த்து. “எந்த ஊர்லயோ யாரோ கவனமில்லாம தெக்கிறாங்கன்னு நெனச்சேன். பக்கத்துத் தெருவுலன்னு தெரியாது. காத்தால வாணாம். எங்களுக்கு வேற நேரம் பாக்கலாம்.”

எங்கள் தெருப் பக்கம் பலர் தலையாட்டினார்கள். காலா அம்மாவின் பக்கம் திரும்பினார். “சாயங்காலம்னா நீங்க எப்ப வீட்டுக்கு வருவீங்க?” என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அது சண்டை இல்லை, கணக்கு. வேன் திரும்பும் நேரம் என்ன, சாயங்காலம் வரை டேங்கில் தண்ணீர் நிற்குமா, நோன்பு மாதத்தில் என்ன செய்வது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஆறரைக்குத் தண்ணீர், நோன்பு மாதத்தில் மட்டும் ஒரு மணி நேரம் தள்ளி என்று தீர்மானம் படிக்கப்பட்டது. இரண்டு பக்கமும் கைகள் உயர்ந்தன. மாமா கையை முழுதாகத் தூக்கவில்லை, காதுவரை தூக்கினார். அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இப்போது அம்மா வேனிலிருந்து இறங்கி முகம் கழுவிவிட்டு வாசலில் குடம் வைக்கிறார். காலாவும் வேலையை நிறுத்தித் தண்ணீர் பிடித்துவிட்டு, சமைத்துச் சாப்பிட்டு, கை நன்றாகக் காய்ந்த பிறகு மறுபடி ஊசி எடுக்கிறார்.

இதோடு முடிந்தது என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. ஆனால் அதே குழாயின் கடைசியில், ரயில் பாதையை ஒட்டிச் சில வீடுகள் இருக்கின்றன. காலையில் எங்கள் குழாய்கள் மூடிக் கிடந்தபோது அவர்களுக்குத் தண்ணீர் வேகமாகப் போயிருக்கிறது. சாயங்காலம் எல்லோரும் ஒன்றாகத் திறப்பதால் அங்கே நூல் மாதிரி வடிகிறதாம். அன்று பந்தலில் அவர்களில் ஒருவரும் இல்லை. அவர்களைக் கூப்பிட வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவும் இல்லை.

ஒரு தீர்மானத்துக்கு எத்தனை கைகள் உயர்ந்தன என்பதோடு, அங்கே வராமல் போனவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை நானும் தோழியும் அந்த வீடுகளுக்குப் போனோம். முதல் வீட்டு அக்கா எங்களை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே, உங்களுக்கு எந்த நேரம் தோதுப்படும் என்று கேட்டோம்.