பலாமரத்தடியில் அரிவாளோடு ஒருவர்

போன வருஷம் சித்திரை மாதம். கொல்லிமலையில் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று நானும் கணவரும் எட்டு வயது மகளும் ஈரோட்டிலிருந்து காரில் கிளம்பினோம். வாழவந்தி நாட்டுப் பக்கம் மண்பாதையில் காரை நிறுத்திவிட்டு, மேட்டில் தனியாக நின்ற பலாமரத்தடியில் கூடாரம் அடித்தோம். வெயிலுக்கும் ஆச்சு, மழைக்கும் ஆச்சு என்று என் கணவருக்கு ஒரே பெருமை.

மதியம் சோறு பிரிக்கும்போதுதான் கவனித்தேன். கொஞ்சம் தள்ளி, மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே ஓர் ஆள் கையில் அரிவாளோடு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரித்துப் பார்த்தேன், பதிலுக்குச் சிரிக்கவில்லை. அப்புறம் சோறு இறங்குமா?

"ஆளு முழியே சரியில்லீங்க" என்றேன்.

"சும்மா இரு, அவரு பாட்டுக்கு நிக்கறாரு" என்ற மனுஷனும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் கழுத்துச் சங்கிலியை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டேன்.

சாயங்காலம் வானம் இருண்டு இடி உருண்டது. கூடாரத்துக்குள் உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்க்கலாம் என்று மகளைக் கூப்பிட்டேன். அந்த நேரம் பார்த்து அந்த ஆள் எங்களை நோக்கி ஓடிவந்தார். வரும்போதே அரிவாளைப் புதருக்குள் வீசினார். ஒளிக்கிறான் பாவி என்றுதான் நினைத்தேன். அதற்குள் என் மகளைத் தூக்கிக்கொண்டு பாதைப் பக்கம் ஓட்டம் பிடித்தார். ஐயோ, எனக்கு உயிரே போய்விட்டது! "புள்ளையப் புடிங்க!" என்று கத்திக்கொண்டு செருப்பில்லாமல் பின்னால் ஓடினேன்.

அவர் நின்றது எங்கள் கார் பக்கத்தில்.

"கதவத் தொறங்க சாமி! எல்லாரும் உள்ள ஏறுங்க, கண்ணாடிய ஏத்துங்க!"

பின்னாலேயே ஓடிவந்த கணவர் சாவியை அழுத்தினார். மகளைப் பிடுங்கிக்கொண்டு நான் உள்ளே விழுந்தேன். அவரும் ஏறிக் கதவைச் சாத்தினார். அவரை அறையக் கையை ஓங்கினேன். பளீரென்று ஒரு வெளிச்சம், காதைப் பிளக்கிற சத்தம். கண்ணைத் திறந்தால் பலாமரம் பிளந்து புகைகிறது. பாதி மரம் கூடாரத்தின் மேல் கிடக்கிறது.

"அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று அவர் முணுமுணுத்தார். ஓங்கிய கையைக் கூப்பிக்கொண்டு நானும் சேர்ந்துகொண்டேன்.

மழை விட்டதும், "ஏனுங்க, மத்தியானமிருந்து எங்களையே பாத்துட்டு நின்னீங்களே?" என்று கேட்டேன்.

அவருக்கு ஒரே சங்கடம். "தப்பா நெனைக்காதீங்க. மொளகு களவாட வந்தவீங்களோன்னு சந்தேகமுங்க. முன்னால ஒருக்கா இப்படிக் கூடாரம் போட்டுத் தங்குனவங்க உருவிட்டுப் போயிட்டாங்க. அதான் ஊட்டுக்குச் சோத்துக்குக்கூடப் போவாம காவல் நின்னேன்."

"அருவாள ஏன் வீசுனீங்க?"

"இடி இடிக்கறப்ப கையில இரும்பு வெச்சுக்குவாங்களா கண்ணு?"

ஈரப் புதரில் எல்லோருமாகத் தேடி அரிவாளை எடுத்துக் கொடுத்தோம். இப்போதெல்லாம் தூரத்தில் இடி கேட்டாலே மரமும் வேண்டாம், கூடாரமும் வேண்டாம் என்று காருக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறோம். ஆனாலும், அவர் எங்களை நல்லவர்கள் என்று நம்பி அன்றைக்குச் சாப்பிடப் போயிருந்தால் என் மகள் அந்தக் கூடாரத்துக்குள்தான் இருந்திருப்பாள் என்று நினைக்கும்போதெல்லாம் அவளை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொள்கிறேன்.