ஜெராய் உச்சியில் சிவப்பு விளக்கு

விமானத்தின் இடது இறக்கை நுனியில் சிவப்பு விளக்கு. வலது நுனியில் பச்சை. வாலில் வெள்ளை. இருட்டில் விமானத்தின் உடல் கண்ணுக்குத் தெரியாது. அது எந்தப் பக்கம் போகிறது என்பதை இந்த விளக்குகள்தான் சொல்ல வேண்டும். சிவப்பு மட்டும் தெரிந்தால் அது நமக்கு இடப்பக்கமாகக் கடந்து போகிறது. பச்சை மட்டும் தெரிந்தால் வலப்பக்கமாக. வெள்ளை என்றால் விலகிப் போகிறது. சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் அது நேராக நம்மை நோக்கி வருகிறது.

இதை அக்காவுக்கு நான் விளக்கிக் காட்டியது திகாம் பத்து என்னும் எங்கள் ஊரில், வீட்டின் பின்புறம், துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே. கூடையிலிருந்து ஒரு சிவப்புக் கிளிப்பையும் ஒரு பச்சைக் கிளிப்பையும் எடுத்துக்கொண்டு, கைகளை விரித்தபடி அவளை நோக்கி நடந்தேன். அவள் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தாள்.

"டேய் பைலட்டு, ரெண்டையும் மாத்திப் புடிச்சிருக்கடா. எடது கை எது, சோத்துக் கை எதுன்னே தெரியல, பிளேன் ஓட்டப் போறானாம்."

நானும் சிரித்துவிட்டுக் கிளிப்புகளை மாற்றிக்கொண்டேன். அவசரத்தில் கை தடுமாறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அப்போது எனக்கு விமானிப் பயிற்சிக்கான எழுத்துத் தேர்வு முடிந்திருந்தது, நேர்முகமும் முடிந்திருந்தது. பயிற்சிச் செலவு முழுவதற்கும் ஒரு விமான நிறுவனம் பொறுப்பேற்கும் இடம் அது. எங்களைப் போன்ற வீட்டுக்கு வேறு வழியில் அந்தக் கதவு திறக்காது. மருத்துவப் பரிசோதனை ஒன்றுதான் பாக்கி. அப்பா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் கொஞ்ச காலம் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். அம்மா அதுவும் இல்லை. அக்கா பள்ளியிலிருந்து பாதியில் நின்று கையுறை ஃபேக்டரிக்குப் போனாள். அவள் நின்றது நான் தொடர்வதற்காக என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருந்ததில்லை. ஆகவே அந்தப் பரிசோதனையில் தேறுவது எனக்கு மட்டுமான காரியமாக இருக்கவில்லை. அப்பா சாப்பாட்டுக் கடையில், ஆலையின் எடை மேடையில், எங்கே லாரியை நிறுத்தினாலும் மகன் பைலட் ஆகப் போகிறான் என்று சொல்லிவிட்டு வந்துகொண்டிருந்தார்.

பரிசோதனையில் நிறப்பார்வையும் உண்டு என்று படித்தபோது நான் பயப்படவில்லை. அதில் ஏற்கெனவே தேறியிருக்கிறேன் என்பது என் எண்ணம். கார் லேசன், அதாவது ஓட்டுநர் உரிமம், எடுக்கும்போது கணினித் தேர்வுக்கு முன்னால் புள்ளி புள்ளியாக வட்டங்கள் காட்டினார்கள். வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது, ஏற்கெனவே உள்ளே போய் வந்தவர் ஒருவர் எங்களுக்கு எண்களை வரிசையாகச் சொல்லிக் கொடுத்தார். எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டிருந்தோம். நானும் மனப்பாடம் செய்தேன். அது எனக்கு நன்றாக வரும். உள்ளே போய் ஒவ்வொரு வட்டத்துக்கும் ஓர் எண்ணைச் சொன்னேன். அந்தப் புள்ளிகளுக்குள்ளே எண் ஒளிந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றவில்லை. முதல் படத்துக்கு இது, அடுத்த படத்துக்கு அது. வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல என்று நினைத்தேன். என் பக்கத்தில் இருந்தவர்கள் எண்ணைக் கண்ணால் பார்த்தார்கள் என்பது எனக்குத் தெரியாது.

பரிசோதனைக்குச் சில நாட்கள் இருக்கும்போது ஒரு மாலை, பொழுது சாய்ந்து விளக்கு வைக்கும் நேரம். வீட்டு வாசலில் அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா படியில். நான் என் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எதிரே ஜெராய் மலை கறுத்துக்கொண்டு வந்தது.

"மேல லைட்டு பளிச்சுனு தெரியுது. நாளைக்கு மழ இல்ல," என்றார் அம்மா.

சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவிய காலத்திலிருந்து அம்மாவுக்கு இந்தப் பழக்கம். உச்சிக் கோபுரத்தின் விளக்கு மறைந்தால் மழை, தெரிந்தால் வேலை உண்டு. மலை விளக்கு என்று ஊரே பேசும். எனக்கும் அது தெரியும். உச்சிக்குச் சற்றுக் கீழே, விடுதிப் பக்கம் வெள்ளையாகச் சிதறிக் கிடக்கும் விளக்குகள். அதைத்தான் சொல்கிறார்கள் என்று இத்தனை வருடமும் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"உச்சியில எங்கம்மா? கீழதானே இருக்கு," என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "கீழ இருக்கறது ஹோட்டல் லைட்டு. மேல சிவப்பா எரியுதே, அது."

நான் துணியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். மலையின் கோடு தெரிந்தது. கோபுரங்களின் மெல்லிய குச்சிகள்கூட வானத்தில் இன்னும் தெரிந்தன. அவற்றின் மேல் ஒன்றும் இல்லை.

"எது?"

அக்கா எழுந்து என் பின்னால் வந்து, என் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள், சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல. அவள் விரல் நீட்டிய இடத்தில் இருள் மட்டும் இருந்தது. விளையாடுகிறேன் என்று முதலில் அவளுக்குக் கோபம். பிறகு அவள் கை என் தலையிலிருந்து தளர்ந்தது. அம்மா எழுந்தார். நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்றிரவு அக்கா தன் கைப்பேசியில் புள்ளி வட்டங்களைத் தேடி எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். முதலாவது எல்லோருக்கும் தெரிவது; எனக்கும் தெரிந்தது. மற்றவை புள்ளிகள். அவள் ஒவ்வோர் எண்ணையும் விரலால் வரைந்து காட்டினாள். அவள் விரலைப் பார்த்தேன், எண்ணைப் பார்க்கவில்லை.

அவள் ஃபேக்டரியில் தரம் பார்க்கும் பிரிவில் இருப்பவள். குறை கண்டால் தயங்குவதில்லை. ஆனால் அன்று, டாக்டர்கள் காட்டும் புள்ளிப் புத்தகம் எங்கேயும் ஒன்றுதான் என்றாள். எல்லாப் படத்தையும் நெட்டுருப் போட்டுவிடு, எந்த வரிசையில் காட்டினாலும் புள்ளிகளின் அமைப்பை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்றாள். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றாள். நான் உட்கார்ந்து படித்தேன். இரண்டு நாளில் எல்லாம் மனதில் ஏறிவிட்டது. இந்த மூலையில் பெரிய புள்ளி இரண்டு சேர்ந்திருந்தால் இந்த எண், அந்த ஓரத்தில் இடைவெளி இருந்தால் அந்த எண். அக்கா எப்படிக் கலைத்துப் போட்டுக் கேட்டாலும் தப்பவில்லை.

தப்பாமல் சொல்லச் சொல்லத்தான் எனக்குப் பயம் வந்தது. எதிரே ஒரு விமானம் நேராக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் சிவப்பும் பச்சையும் தெரிய வேண்டும். தூரத்தில் எனக்குச் சிவப்பு தெரியாது. பச்சை மட்டும் ஏதோ வெளிறிய ஒளியாகத் தெரியும். நான் படித்த பாடத்தின்படி அது வலப்பக்கமாகக் கடந்து போகிறது, எனக்கு ஆபத்தில்லை. நான் நிம்மதியாக அப்படியே போய்க்கொண்டிருப்பேன். என் பின்னால் இருக்கைகளில் ஆட்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

பரிசோதனைக்கு முந்தின நாள் அம்மா அடுப்படியில் என்னிடம் தன் தம்பியைப் பற்றிப் பேசினார். நான் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவர். குருண் சாலையில் ஓர் இரவு, ஓரமாக நின்றிருந்த லாரியின் பின்னால் மோட்டாரோடு மோதினார் என்பது வரை எனக்குத் தெரியும். குடித்திருந்தார் என்று தோட்டத்தில் பேசிக்கொள்வார்கள். அம்மா அதை ஒருபோதும் மறுத்ததில்லை.

"அவன் குடிக்க மாட்டான்டா," என்றார், வெங்காயத்தை நறுக்கியபடியே. "லாரிக்குப் பின்னால சிவப்பு லைட்டு எரிஞ்சிச்சு, போலீசே சொன்னாங்க. லைட்டு எரிஞ்சும் மோதுறான்னா குடிச்சிருப்பான்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் வாய மூடிட்டேன்." நறுக்கியதைச் சட்டியில் போட்டுவிட்டு, "அவனுக்கும் மலை மேல லைட்டு தெரியாது. கேலி பண்ணுவோம்," என்றார்.

பிறகு அவர் கேட்டது விமானத்தைப் பற்றி அல்ல. ராத்திரியில் எங்கே எல்லாம் மோட்டாரில் போகிறாய் என்று கேட்டார்.

பரிசோதனை நடந்த கிளினிக் மெர்கோங் பகுதியில், கடை வரிசைக்கு மேல் மாடியில் இருந்தது. அப்பா லாரிக்கு லீவு போட்டுவிட்டு, கோயிலுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு, எங்கள் பழைய காடியில் என்னைக் கொண்டுவந்து விட்டார். கண் பார்த்த டாக்டர் தமிழர். யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்பது பேச்சில் தெரிந்தது. அவர் புத்தகத்தைத் திறந்தார். அக்கா சொன்னது சரி, அதே படங்கள்தான். இரண்டாவது படத்தைப் பார்த்ததும் எண் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டவுடன் கை தூக்கியே வளர்ந்தவன் நான்.

"தெரியல டாக்டர்."

அவர் பக்கத்தைத் திருப்பினார். அதற்கும் எண் மனதில் நின்றது. அதற்கும் தெரியவில்லை என்றேன். அடுத்ததற்கும். கடைசிப் பக்கம் வரை எனக்கு ஒவ்வொரு விடையும் தெரிந்திருந்தது.

டாக்டர் என்னை ஓர் இருட்டறைக்குக் கூட்டிப் போனார். எதிர்ச்சுவரில் ஒரு பெட்டி. அதில் சிறிய விளக்குகள் எரியும், என்ன நிறம் என்று சொல்ல வேண்டும். சிலமுறை இரண்டு ஒளிகள் தெரிந்தன, சிலமுறை ஒன்று. நிறத்தை நான் ஊகிக்கவில்லை. தெரிந்த எண்ணிக்கையை மட்டும் சொன்னேன். முடிந்ததும் அவர் அறை விளக்கைப் போட்டார்.

"ஒவ்வொரு முறையும் ரெண்டு லைட்தான் போட்டனான், தம்பி," என்றார்.

வணிக விமானம் ஓட்டும் தகுதிச் சான்று தர முடியாது என்று பொறுமையாக விளக்கினார். இது தாய் வழியில் மகன்களுக்கு வருவது, மருந்து இல்லை என்றார். அம்மாவின் கூடப்பிறந்த ஆண்கள் யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். ஒருவருக்கு இருந்தது என்றேன். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார். ஓரமாக நின்ற லாரியில் மோதி இறந்துவிட்டார் என்றதும், எழுதுவதை நிறுத்திவிட்டார்.

காடியில் ஏறியதும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கிளிப், லேசன், மலை விளக்கு, மனப்பாடம் செய்தது, அதை டாக்டரிடம் ஒப்பிக்காமல் விட்டது. மாமாவைப் பற்றி அம்மா சொன்னதையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பைலட் என்ற வார்த்தையையே அவர் எடுக்கவில்லை. நெடுஞ்சாலையில் அவர் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். லாரிகள் எங்களை முந்திக்கொண்டு போயின.

வீட்டின் முன்னால் நிறுத்தி எஞ்சினை அணைத்த பிறகும் அவர் இறங்கவில்லை.

"ரோட்டுல லாரி பிரேக்டவுன் ஆனா ஓரமா நிப்பாட்டி லைட்டப் போட்டுட்டு எறங்குவேன்," என்றார். "டயருக்குக் கீழ படுத்துக்கூட வேல செஞ்சிருக்கேன். பின்னால வர்றவன் பாப்பான்னு நம்பித்தான்." கண்ணாடி வழியே வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒனக்கு எவ்ளோ தூரத்துல தெரியும், அந்த லைட்டு?"

வகுப்பில் தெரியாத கேள்விக்குக்கூட ஏதாவது எழுதிவிட்டு வருகிறவன் நான். யோசித்துப் பார்த்தேன். பார்த்த விளக்குகள் ஞாபகத்துக்கு வந்தன. பார்க்காமல் கடந்து வந்தவை எத்தனை, எவ்வளவு பக்கத்தில் என்பதற்கு ஞாபகம் ஏது?

"தெரியலப்பா," என்றேன்.

அவர் தலையாட்டினார். இறங்கிப் போய், வாசலில் நின்ற மோட்டாரிலிருந்து சாவியை உருவித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.