பஸ்ஸில் படித்த சொல்

மூத்தவளுக்கு மூன்று நாளாகக் காதுவலி. வலித்த காதில் பஞ்சு அடைத்து, அவளையும் நாலு வயதுச் சின்னவளையும் கூட்டிக்கொண்டு, புத்தளத்தில் டொக்டரிடம் காட்ட எத்தாளையில் பஸ் ஏறினேன். பிள்ளைகளின் வாப்பா கடலுக்குப் போயிருந்தார். சண்டைக் காலம். வழியில் ஆமிக்காரர்கள் எல்லாரையும் இறக்கிச் சோதித்துத்தான் ஏற்றுவார்கள் என்பதால் அடையாள அட்டையைக் கையிலேயே வைத்திருந்தேன்.

எங்களுக்குப் பின் ஆசனத்தில் ஒரு கனவான். மடிப்புக் கலையாத சேட், அத்தர் வாசம், ஒழுங்காக வெட்டிய தாடி. தன் போட் எஞ்சினைப் பிழையாகப் பூட்டிய மெக்கானிக்கைப் பற்றிப் பக்கத்திலிருந்த கூட்டாளியிடம் கதைத்துக்கொண்டு வந்தார். கதை என்றால், மூன்று சொல்லுக்கு ஒரு தூஷணம். மெக்கானிக்கில் தொடங்கி அவனுடைய உம்மா, உம்மாவின் உம்மா என்று, அந்த எஞ்சினைக் கண்ணாலும் கண்டிராத பெண்களையெல்லாம் இழுத்தார். மூத்தவளுக்கு ஒரு காதாவது அடைபட்டிருந்தது. சின்னவளோ ஆசனத்தில் முழங்காலிட்டுப் பின்பக்கம் திரும்பி, வாயைப் பிளந்து பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நுரைச்சோலை வரை பொறுத்தேன். பிறகு திரும்பினேன்.

"நானா, சின்னப் புள்ளைகள் இருக்கிறாங்க. கொஞ்சம் பாத்துக் கதைங்க."

"நான் ஒங்களோடயா கதைச்ச? கேக்க ஏலாட்டி புள்ளைகள்ட காதப் பொத்துங்க."

"ரெண்டு பேருக்கும் நாலு காது இருக்கு. எனக்கு ரெண்டு கைதானே."

யாரும் சிரிக்கவில்லை. முன்னால் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த பெரியவரின் விரல்கள் வேகமெடுத்தன. மற்ற ஆண்கள் வெளியே இருந்த தென்னைகளை, அன்று காலையில்தான் முளைத்தவை போலப் பார்த்தார்கள். பக்கத்து ஆசனத்துப் பெண் என் முழங்கையைத் தொட்டு, "ஆம்புளைகளோட என்னத்துக்கு வாய் குடுக்கிறீங்க, தாத்தா?" என்றாள். எங்களில் தாத்தா என்றால் அக்கா, நானா என்றால் அண்ணன். கடைசியில் நீதி வழங்கக் கொண்டக்டரே வந்தான்.

"தாத்தா, பஸ்ஸுக்குள்ள சத்தம் போடாம வாங்க."

சத்தம் போட்டது நான்தான் என்று தீர்ப்பாகிவிட்டது. கனவான் அந்த உற்சாகத்தில் மெக்கானிக்கின் பரம்பரையில் மிச்சமிருந்தவர்களையும் ஒருவர் விடாமல் விசாரித்தார்.

பாலாவிக்குக் கொஞ்சம் முன்னால் சோதனைச் சாவடி. இறங்கி வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் அதே கனவான். ஆமிக்காரனைக் கண்டதும் அவருடைய சிங்களத்தில் தேன் வடிந்தது. வசனத்துக்கு இரண்டு "சேர்". கேட்காமலே பையைத் திறந்து காட்டினார். இவ்வளவு சுத்தமான வாய் ஒன்றும் அவரிடம் இருந்திருக்கிறது. அதைப் பஸ்ஸில் திறக்க மனம் வரவில்லை போலும்.

அடுத்து என் அட்டையை வாங்கிய ஆமிக்காரன் இளைஞன். சின்னவளின் கன்னத்தைத் தட்டிச் சிரித்தான். அவளும் சிரித்து, அன்று படித்த சொற்களில் ஆகப் பெரியதை, மெக்கானிக்கின் உம்மாவுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்ததை, கணீரென்று சொன்னாள்.

வரிசை அப்படியே உறைந்தது. அவனுக்குத் தமிழ் விளங்காது என்று ஒரு கணம் நம்பினேன். ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் ஒருவன் முதலில் படிப்பது இந்தச் சொற்களைத்தானே. அவன் முகம் மாறியது.

"கவுத மேக இகென்னுவே?"

இதை யார் படிப்பித்தது என்று கேட்கிறான்.

கனவான் இரண்டடி தள்ளி நின்றார். பையைப் பூட்டக்கூட அவருக்குக் கை வரவில்லை. நான் விரலை நீட்டினால் போதும். அந்த நாட்களில் ஒருவரை ஓரமாக நிறுத்தி வைக்க அவ்வளவுகூடத் தேவையில்லை. நிறுத்தியவரை எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு நீட்ட ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்தார். பஸ்ஸில் தராத மரியாதை முழுவதும் அந்தப் பார்வையில் இருந்தது.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடும்போது படித்திருக்கிறாள் என்று, எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன்.

பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஆமிக்காரன் எனக்கு நீண்ட நேரம் புத்தி சொன்னான். தலையைக் குனிந்து கேட்டேன். அன்று காலையில் எனக்குப் புத்தி சொன்ன நாலாவது ஆள் அவன்.

பஸ் மறுபடி கிளம்பியது. "பொறகு எஞ்சின் என்னாச்சு?" என்று கூட்டாளி கேட்டான். கனவான், "அந்த... அந்த ஆள் ஈக்கிறானே..." என்று தடுமாறினார். தூஷணத்தைக் கழித்தால் கதையில் மிஞ்சியது, மெக்கானிக் ஒரு நட்டை இறுக்க மறந்த விஷயம் மட்டும்தான். ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

புத்தளத்தில் இறங்கும்போது அவர் சின்னவளைத் தூக்கிக் கீழே விட்டார். "மன்னிச்சிக்கிங்க, தாத்தா" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. தூஷணம் பஸ் முழுவதற்கும் பொது. மன்னிப்பு தனிப்பட்ட விஷயம்.

வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. அவர்மேல் கோபமா, ஆமிக்காரனிடம் பயமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. டொக்டர் வீட்டுப் பக்கம் வேகமாக நடந்தேன். "உம்மா, கை நோகுது" என்று சின்னவள் சொன்ன பிறகுதான், அவளை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறேன் என்று தெரிந்தது.