குடைசாயாத ஜீப்

ரேடியோ ரிப்பேர்க் கடைக்குச் சிரித்த முகத்தோடு வருகிற ஆளை நான் பார்த்ததே இல்லை. பாடாத பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர், அது நின்றுபோனதற்கு நான்தான் காரணம் என்பதுபோல முறைத்துக்கொண்டே மேஜையில் வைப்பார். சரிசெய்து கொடுத்தாலோ, சும்மா தட்டினதும் பாடிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லுவார். சால்டரிங் கம்பியில் விரலைச் சுட்டுக்கொண்ட என் இனத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சந்தில் நான் கடை வைத்திருந்தேன். துபாய், சவுதி என்று போய் வந்தவர்கள் கொண்டுவந்த சாமான்கள் எல்லாம் கெட்டுப்போன பிறகு என்னிடம்தான் வரும். அதில் ஒன்று மட்டும் இன்னும் மனசை அறுத்துக்கொண்டிருக்கிறது.

துண்டு மூட்டை

குரும்பலூரிலிருந்து அஞ்சலை என்கிற அம்மா ஒரு துண்டு மூட்டையோடு வந்தார். பிரித்தால் ஒரு பொம்மை ஜீப். பொம்மை என்றால் கடைத்தெருப் பொம்மை இல்லை. முழ நீளம், முண்டு முண்டான ரப்பர் சக்கரங்கள், கூடவே ஏரியல் வைத்த ஒரு பெட்டி. பெட்டியில் இரண்டு குச்சிகள். ஒன்றைத் தள்ளினால் வண்டி ஓடும், இன்னொன்றை அசைத்தால் முன்சக்கரம் திரும்பும். ஒயர் கிடையாது, எல்லாம் காற்றிலேயே போகும். சவுதியிலிருந்து அஞ்சலையின் தம்பி கொண்டுவந்தது. நானும் அன்றைக்குத்தான் அப்படி ஒன்றைக் கையால் தொட்டேன், ஆனால் நிறையப் பார்த்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

எதுவும் உடையவில்லை, கல்மேட்டில் ஏறினால் குடைசாய்ந்து விடுகிறது, அவ்வளவுதான் என்றார். காரணம் பார்த்ததுமே தெரிந்தது. முன்சக்கரத்தைத் திருப்புகிற சின்ன மோட்டார் பெட்டியை, சர்வோ என்பார்கள், பரண்மேல் வைத்ததுபோல உச்சியில் முடுக்கியிருந்தார்கள். சின்னதுதான், ஆனால் நல்ல கனம். கவிழும்போதெல்லாம் ரோட்டில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டு போகிறதாம், வெட்கமாகவும் இருக்கிறதாம் என்று அஞ்சலை சொன்னார். பிள்ளையே எழுந்துபோய் நிமிர்த்தினால் என்ன, அவ்வளவு சோம்பேறியா என்று கேட்டேன். அவர் துண்டை மடித்துக்கொண்டே சொன்னார்:

"புள்ளைக்கு இல்லண்ணே, எங்க வூட்டுக்காரருக்கு. லாரி கவுந்ததுலேருந்து இடுப்புக்குக் கீழ அவருக்கு உணர்ச்சி இல்ல."

இடது வலது

சர்வோவைக் கழற்றித் தலைகீழாக்கி, ஜீப்பின் அடித்தகட்டுக்குக் கீழே தொங்கவிட்டு முடுக்கினேன். நானே பஸ் ஏறிக் கொண்டுபோனேன். நல்ல காரியம் செய்துவிட்ட கர்வம், ஆள் முகத்தைப் பார்க்க ஆசை. ரோட்டோரம் ஒரு கீற்றுக் கொட்டகை. அதில் கயிற்றுக் கட்டிலில் தலையணைகளை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தார் செல்வராசு. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டியவர். தோளும் கையும் இன்னும் டிரைவர் கைதான். போர்வைக்கு அடியில்தான் ஒன்றும் இல்லாததுபோலக் கிடந்தது.

பெட்டியை வாங்கிக் குச்சியை இடப்பக்கம் தள்ளினார். ஜீப் வலப்பக்கம் போய்ச் சாக்கடையில் இறங்கியது. மோட்டாரைத் தலைகீழாக்கினால் திருப்பமும் தலைகீழாகும் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. கடையில் சக்கரம் திரும்புகிறதா என்று பார்த்தேனே தவிர, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கவில்லை. அசடு வழியச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பெட்டியை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"அன்னைக்கும் இப்படித்தான் தம்பி. நான் இடது பக்கம் ஒடிச்சேன், வண்டி வலது பக்கம் போச்சு."

அடியில் ஒரு அடி

சர்வோவைப் பிரித்து உள்ளே இருக்கும் ஒயர்களை இடம் மாற்றிச் சால்டர் வைத்ததும் அந்தக் கோளாறு தீர்ந்தது. அந்த வாரம் முடிவதற்குள் அஞ்சலை மறுபடி மூட்டையோடு வந்து நின்றார். இந்தத் தடவை கவிழவில்லை, கல்லில் மாட்டிக்கொண்டது. அவ்வளவு தாழத் தொங்கவிட்டால் ஏறுகிற ஒவ்வொரு கல்லும் அதில்தானே இடிக்கும். சர்வோவுக்குள் பல்சக்கரம் ஒன்று மொட்டையாகியிருந்தது. திருச்சிக்குப் போய்ப் பழைய டேப் ரிக்கார்டர்களைக் கிளறி, ஏறக்குறைய பொருந்துகிற ஒன்றை எடுத்துவந்து அரம் வைத்துத் தேய்த்தேன்.

அப்படியென்ன கல்மேட்டில்தான் ஓட்டியாக வேண்டுமா, வாசலில் சமதரை இல்லையா என்று அஞ்சலையிடம் சிடுசிடுத்தேன். நானும் பார்த்திருந்தேன், கொட்டகைக்கும் ரோட்டுக்கும் நடுவே கருங்கல் குவிந்து கிடந்ததை. தளம் போட்ட மெத்தை வீடு கட்டுவதற்காக, விபத்துக்கு முந்தி அவரே லாரியில் கொண்டுவந்து கொட்டிய அஸ்திவாரக் கல்லாம் அது. இனி அதன்மேல் வீடு எழும்பாது என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

"கல்ல வித்துப்புடலாம்னு நான் சொன்னேண்ணே. அவரு, நான் ஏறிப் போறதுக்கு அந்த ஒரு மேடுதான் இருக்கு, கெடக்கட்டும்டிங்கறாரு."

அதற்குப் பிறகு நான் யாரிடமும் ஏன் எதற்கு என்று கேட்டுச் சிடுசிடுப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

படுக்கவைத்தேன்

செத்துப்போன ரேடியோ ஒன்றின் அலுமினியத் தகட்டை வெட்டி, ஜீப்பின் இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் ஒரு தொட்டில் மாதிரி செய்தேன். அதில் சர்வோவைப் படுக்கைவசமாக வைத்து முடுக்கினேன். கல் படாத உயரம், சாய்க்காத தாழ்வு. சக்கரத்துக்குப் போகிற கம்பியும் மட்டமாக நின்றதால் திருப்பம் குலுங்காமல் வந்தது. என் கடையில் நான் செய்த வேலைகளில் அதுதான் சுத்தமான வேலை என்று இப்போதும் சொல்லுவேன்.

ஜீப் கல்குவியலில் ஏறியது. ஒரு பக்கச் சக்கரம் இரண்டும் அந்தரத்தில் நிற்க, விழப்போகிறது என்று நாங்கள் மூச்சைப் பிடித்தோம், விழவில்லை. மறுபக்கம் இறங்கி, ரோட்டைத் தொட்டு, திரும்பி வந்து கட்டில்காலில் முட்டி நின்றது. செல்வராசு வாய்விட்டுச் சிரித்தார். அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கும் கண் கலங்கியது, சொல்வதில் என்ன வெட்கம். செல்வராசு ஜீப்பின் அடிவயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"பாரம் அடியில இருந்தா வண்டி சொன்னதக் கேக்குது. எங்க மொதலாளி மேல மேலன்னுதான் ஏத்தச் சொன்னாரு."

தூசி

சில மாதம் கழித்து ஒரு கல்யாணத்துக்காகக் குரும்பலூர் போனவன், நம் வேலை எப்படி இருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். கூலிக்குக் கடலை பறிக்கக் காலையில் போன அஞ்சலை இன்னும் திரும்பவில்லை. ஜீப் கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து நின்றது. எதுவோ கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பெட்டியை எடுத்து இயக்கிப் பார்த்தேன்; சொன்னபடி ஓடியது. பேட்டரிக் கட்டைகூடப் புதுசு.

பிறகு ஏன் ஓட்டுவதில்லை என்று கேட்டேன். என் வேலையைக் குறைசொல்கிறாற்போல ஆகிவிடுமே என்று செல்வராசு தயங்கியது தெரிந்தது.

"முன்னல்லாம் கவுந்துச்சுன்னா கூப்புடுவேன். மாடு ஓட்டிட்டுப் போறவரு, தண்ணிக்குப் போற பொம்பளைங்க, யாராச்சும் வந்து நிமித்தி வச்சுட்டு ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போவாங்க. இப்ப அது கவுறதுமில்ல, அவங்க வரதுமில்ல. மேலயே வச்சுக் குடு தம்பி."

நீ உட்கார்

கல்யாணத்துக்குத் தலையைக் காட்டிவிட்டு ஜீப்பைக் கடைக்குத் தூக்கிவந்தேன். அந்த அலுமினியத் தொட்டிலைக் கழற்றியபோது என் கைக்கே பொறுக்கவில்லை. ஒயர்களையும் பழையபடி மாற்றி, சர்வோவைப் பழைய உச்சியில் ஏற்றி முடுக்கினேன். ஒரு பொருளை வேண்டுமென்றே கெடுத்து வாடிக்கையாளரிடம் கொடுத்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

கொண்டுபோய்க் கொடுத்ததும் அவர் குவியலில் ஏற்றினார். முதல் கல்லிலேயே ஜீப் மல்லாந்து, சக்கரங்கள் வானத்தைப் பார்த்துச் சுழன்றன. பழக்கதோஷம், நான் சட்டென்று எழுந்து அதை நோக்கிப் போனேன். செல்வராசு என் சட்டையைப் பிடித்து இழுத்தார். ரோட்டில் அப்போது ஒரு ஈ காக்காய் இல்லை.

"நீ உக்காரு தம்பி. ரோட்டுல யாராச்சும் வரட்டும்."

யாரோ ஒரு புண்ணியவான் சைக்கிளை நிறுத்தி இறங்குகிறவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரிப்பேர்க்காரனுக்கு அதைவிடச் சிரமமான வேலை ஒன்று இருந்தால் நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.