கோணல் எழுத்து டீ-ஷர்ட்

இன்னைக்கு கெலமங்கலம் பஸ்ல பக்கத்து சீட்டுத் தம்பி என் டீ-ஷர்ட்டையே பார்த்துட்டு வந்தான். அவனும் அதே 'பி-ஷிப்ட்' பிராண்டுதான் போட்டிருந்தான்.

"அண்ணா, உங்களை ஏமாத்திட்டாங்க. இது டூப்ளிகேட். ஒரிஜினல்ல எழுத்து நேரா இருக்கும்."

கம்பெனி பஸ்ல சீட்டைத் தட்டி ராப் பாடின எங்க கும்பலுக்காக, கூட வேலை பார்த்த சலீம் ஆரம்பிச்ச பிராண்டு அது.

நான் போட்டிருக்கிற இந்த முதல் டீ-ஷர்ட்டுக்கு அவன் வீட்டுல பிரிண்ட் போடறப்ப ஷிப்ட் பஸ் ஹாரன் அடிச்சுது. அவசரத்துல கை நகர்ந்து எழுத்து கோணிடுச்சு.

"பரவால்ல, மாட்டிக்கடா, ஓடலாம்"னான். அப்புறம் கும்பல்ல எல்லாருக்கும் அதே கோணலோடதான் போட்டுக் கொடுத்தான்.

அவன் ஆக்சிடென்ட்ல போனப்புறம்தான் பிராண்டு பெங்களூரு வரைக்கும் போச்சு. இப்ப நடத்தறவங்க எழுத்தை நேராக்கிட்டாங்க.

"ஆமாப்பா, ஏமாந்துட்டேன்"னு சொல்லிட்டு இறங்கிட்டேன்.

இந்த டூப்ளிகேட் உங்க யார்கிட்டயாவது இருக்கா? இருந்தா சொல்லுங்க. சலீமைத் தெரிஞ்சவங்க இன்னும் யார் யார் இருக்கீங்கன்னு பார்க்கலாம்.