உத்திரத்துக்கு முட்டுக் கொடுத்த குழாய்

அந்த ஹோட்டலில் எல்லாரும் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். தரைக்குக் கீழே இருந்த சலவைக்கூடத்தில், மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே அவளுடைய குரல் அப்படி ஆகிவிட்டது. புருஷன்காரரும் அங்கேதான், துணி பிழியும் மெஷினில் வேலை. அவர் ஒரு வாரம் பேசுவதை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். ரெண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிக்கிறேன் என்பாள்.

ஒரு காலையில் மேலே சமையல்கட்டில் கேஸ் வெடித்து, கட்டடம் அவர்கள் தலைமேல் இறங்கியது.

அவள் கண் திறந்தபோது அவசர விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. புருஷனின் வலது காலை முழங்காலுக்குக் கீழே நசுக்கிக்கொண்டு கான்கிரீட் உத்திரம் கிடந்தது. அதன் மறுமுனை அவர் நெஞ்சுக்கு நேராகச் சரிந்துகொண்டே வந்தது. துணி தொங்கவிடும் இரும்புக் குழாய் ஒன்றை இழுத்து அதற்கு முட்டுக் கொடுத்தாள். உத்திரம் நின்றது. ஆனால் உடைந்த தண்ணீர்க் குழாயிலிருந்து வெள்ளம் ஏறத் தொடங்கியது.

உயிரோடிருந்த இன்னொருவர் வாட்ச்மேன். சட்டையை இஸ்திரி போட்டு வாங்க வந்தவர். பின்சுவருக்கு அப்பால் சாக்கடைக் குழி இருக்கிறது, அதில் ஏணி உண்டு என்று அவருக்குத் தெரியும். செங்கல்லால் இடித்தார், பிறகு வெறுங்கையால் இடித்தார். நகங்கள் பெயர்ந்ததுதான் மிச்சம். அப்புறம் அவர் பார்வை முட்டுக் கொடுத்திருந்த இரும்புக் குழாயில் வந்து நின்றது.

"அத எடுத்துச் சுவத்த இடிச்சா நாம ரெண்டு பேராவது பிழைப்போம்."

"கை வச்சா கொன்னுடுவேன் அண்ணே" என்றாள். அவர் கை வைத்தார். சூடு ஆறாத இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி அவர் வாயில் அடித்தாள். தோல் பொசுங்கியது, முன்பற்கள் தண்ணீரில் விழுந்தன. அவர் அவளை மெஷினோடு சேர்த்து மோதி, கழுத்தை நெரித்தார். அவருடைய கட்டைவிரலை எலும்பு தட்டுப்படும்வரை கடித்தாள். இருந்தும் அவர் விடவில்லை. அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"அவள விடுங்க" என்றார் கீழே கிடந்தவர். "கால் எலும்பு எப்பவோ நொறுங்கிடுச்சு. சதைதான் பிடிச்சிட்டிருக்கு. வெட்டிடு."

வாட்ச்மேனின் கை தளர்ந்தது. கொஞ்ச நேரம் மூவருக்கும் மூச்சு வாங்கியது. பிறகு வாட்ச்மேன் தன் பெல்ட்டைக் கழற்றி, கீழே கிடந்தவரின் தொடையில் இறுக்கிக் கட்டினார். அவள் புருஷன் வாயில் துண்டைத் திணித்துவிட்டு, துணி வெட்டும் பெரிய கத்தரியை எடுத்தாள். ஒரே வெட்டில் முடியவில்லை. தண்ணீர் சிவப்பாகிவிட்டதால் எங்கே வெட்டுகிறோம் என்று தெரியாமல் விரலால் தடவித் தடவி வெட்டினாள். அவர் துண்டுக்குள் அலறினார். அவர் அவ்வளவு சத்தம் போட்டு அவள் கேட்டதே இல்லை. வாட்ச்மேன் அவரை மார்போடு அணைத்து வெளியே இழுத்தார். குழாயை உருவியதும், அவர் கிடந்த இடத்தில் உத்திரம் தடாரென்று இறங்கியது.

இடுப்புத் தண்ணீரில் மயங்கிக் கிடந்தவரை மாறி மாறித் தாங்கிக்கொண்டு சுவரை இடித்தார்கள். செங்கல் விழுந்தது, நாற்றம் வந்தது, கூடவே காற்றும் வந்தது. குழிக்குள் அவர்கள் போட்ட கூச்சலைக் கேட்டுத் தீயணைப்புக்காரர்கள் கயிறு இறக்கினார்கள்.

ஆஸ்பத்திரியில் ஜுரம் விட்டதும் புருஷன் பேசிய முதல் பேச்சு: "அந்தக் கத்தரி ரொம்ப மொக்கை."

அவள் சிரிக்க ஆரம்பித்து, நர்ஸ் வந்து பிடிக்கும்படி அழுதாள்.

வாட்ச்மேன் அடுத்த வார்டிலிருந்து வீங்கிய முகத்தோடு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை, அவள் கழுத்தில் அவருடைய விரல் தடம் இன்னும் கறுத்திருந்தது. அவரே பேசினார்.

"நீ அடிச்சது சரிதான் தங்கச்சி. அடிக்கலேன்னா நான் எடுத்திருப்பேன்."

அவள் ரொட்டியைப் பிய்த்துப் பாலில் ஊறவைத்து, அவர் பக்கம் நகர்த்தினாள்.