ரயில் பிடிக்காதவர்கள்

போன செவ்வாய்க்கிழமை கையில் டிக்கெட் இருந்தது, ஸீட் இருந்தது, ரயிலும் நேரத்துக்கு வந்தது. நான்தான் போகவில்லை.

என் முழங்கால் ஒப்பரேஷன் பற்றி இந்தப் பத்தியில் எழுதியபோது, வாசகர்கள் நீங்கள் எண்ணெய்களின் பெயர்களாக எழுதி அனுப்பியிருந்தீர்கள். நன்றி. எல்லாவற்றையும் பூசினேன். நடக்கிறேன். பாலையூற்றில் இருக்கும் என் வீட்டிலிருந்து சந்தி வரைக்கும் தனியாகப் போய் வருகிறேன். அந்தத் தைரியத்தில்தான் கொழும்பில் இருக்கும் மகளைப் பார்க்கப் புறப்பட்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டேஷன். பெயர் வேண்டாம். காலை ரயில் வந்து நின்றது. கதவின் முதல் படி என் தொடை உயரத்தில் இருந்தது. கைப்பிடியைப் பிடித்தேன். காலைத் தூக்கினேன். முழங்கால் பாதியில் நின்றுவிட்டது.

பின்னால் நின்ற இரண்டு பேர் கக்கத்தில் கை கொடுத்தார்கள். உயிர் போகிற வலி.

"விடுங்கோ தம்பியவை, ஏலாது" என்றேன்.

கார்ட் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாவம், அவர்தான் என்ன செய்வார்? விசில் ஊதினார். ரயில் போய்விட்டது.

ஒரு ரயில் போன பிறகு பிளாட்ஃபார்ம் எவ்வளவு பெரிதாகிவிடுகிறது, கவனித்திருக்கிறீர்களா? அதில் நானும் என் பையும்... கொஞ்சம் தள்ளி, கதிரையில் ஒரு பெண்மணி. கிண்ணியாக்காரர், பெயர் ஹமீதா என்றார். ஐம்பத்தைந்து வயது இருக்கும்.

"நீங்களும் ஏறேலாம நிண்டுட்டீங்களோ?" என்று கேட்டேன்.

"இல்ல ஐயா. மகன ஏத்திவிட வந்தனான். அவனுக்குக் கொழும்பில வேலை. வாங்க உம்மா, வாங்க உம்மா எண்டு ஒவ்வொரு முறையும் கூப்பிடுறான்."

"போகலாமே?"

அவர் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். "இந்தப் படியில எனக்கு ஏற ஏலா. ஆனா அவனிட்ட அதச் சொல்ல இல்ல. கோச்சியில போறது எனக்குப் பிடிக்காது எண்டு சொல்லி வெச்சிருக்கன். ஏலா எண்டு சொன்னா, தூக்கி ஏத்துறன் எண்டு நிப்பான். சனம் பாக்கும்."

என் மனைவியும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். மாதம் ஒரு தடவை வேலை விஷயமாக நான் கொழும்புக்குப் போவேன். "நீரும் வாருமன்" என்பேன். "எனக்கு ரயில் பிடிக்காது. நீங்கள் போட்டு வாங்கோ" என்பாள். அவ்வளவு தூரம் பஸ்ஸில் இருக்க அவளுடைய இடுப்பு விடாது. மகளுக்குக் கல்யாணமாகி, கொழும்பில் வீடு எடுத்து, பேரன் பிறந்து... எல்லாவற்றையும் போட்டோவில்தான் பார்த்தாள். பிடிவாதக்காரி என்று நினைத்திருந்தேன். மூன்று வருடத்துக்கு முன் போய்விட்டாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் படவரைஞராக இருந்தவன் என்று உங்களுக்குத் தெரியும். சண்டை முடிந்த பிறகு அந்த ஸ்டேஷனைத் திருத்தினார்கள். பிளாட்ஃபார்மை வரைந்தது நான். கூரை, கதிரை, தண்ணீர்க் குழாய் எல்லாம் வரைந்தேன். மேசன் ஒருவர், "ஐயா, இன்னும் கொஞ்சம் உயர்த்தினால் என்ன?" என்று கேட்டது நினைவிருக்கிறது. "காலை வைச்சு ஏறத்தானே படி இருக்கு" என்றேன். ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறுகிற ஆள் நான் அப்போது. மற்றவர்களுக்கும் என் கால்தான் என்று நினைத்துவிட்டேன்.

அன்று மத்தியானம் மகள் போன் எடுத்தாள். "எங்க அப்பா நிக்கிறீங்க?"

"வீட்டில. ஏறேலாமப் போச்சு பிள்ளை. படி உயரம்."

பிறகு கேட்டேன்.

"அம்மாவுக்கும் அதுதானோ?"

"...ஓம் அப்பா."

"உனக்குத் தெரியுமோ?"

"என்னட்டச் சொன்னவ. உங்களிட்டச் சொல்ல வேண்டாம் எண்டவ."

"ஏன்?"

"அந்த ஸ்டேஷன் நான் வரைஞ்சது எண்டு வாற போற எல்லாருக்கும் சொல்லுவீங்களே அப்பா. அதுதான்."

போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் நின்றேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. தேத்தண்ணி போடக்கூடத் தோன்றவில்லை. யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

அடுத்த நாள் அளவு நாடாவோடு ஸ்டேஷனுக்குப் போனேன். ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனிதர், நாடாவின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டார். பிளாட்ஃபார்ம் முழுவதையும் உயர்த்தத் தேவையில்லை. ஒரு பெட்டி நிற்கிற நீளத்துக்கு உயர்த்தினால் போதும். பக்கத்தில் ஒரு சரிவுப் பாதை, பிடித்து நடக்க ஒரு கம்பி, ரயில் அந்த இடத்தில் நிற்க ஒரு அடையாளம். கதிரைகளும் அங்கேயே இருக்கட்டும். வரைந்து, கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை அனுப்புவேன், வேறென்ன வேலை எனக்கு?

இந்த நேரம் எங்கேயாவது ஒருவர் ஒரு பிளாட்ஃபார்மை வரைந்துகொண்டிருப்பார். தம்பி, பென்சிலை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய், "ஏன் பிடிக்காது?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டு வாருங்கள்.